கேள்வி நேரம்: ட்றம்பெற்றை விடாத றொக் பாண்ட்

போன இதழில் பப்பரே, அதாவது பாடசாலைக் கிரிக்கெட் பிக் மட்ச்சில் ஊதுகிற வாத்தியக் குழு பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, ட்றம்பெற்றை வைத்துக்கொண்டு ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஓடுகிற றொக் பாண்ட் ஒன்று உண்டு, பெயர் சிக்காகோ, அதன் பிற்காலக் காதல் பாட்டுகள் எனக்குத் தூக்கத்தைத்தான் தருகின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளும் திட்டுகளும்தான் இந்தமுறை பக்கம் முழுவதும். வேறு விஷயம் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பழைய பெட்டிக்குள் சிக்காகோ கசெற்றுகள் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வளைந்த எழுத்து, அல்பத்துக்குப் பெயர் கிடையாது, 2, 3, 5, 6 என்று எண் மட்டும். 4 தொலைந்துவிட்டதா? யார் இந்த ஆட்கள்?
— உவர்மலை வாசகி

4 தொலையவில்லை தங்கச்சி, அது உங்கள் வீட்டுக்கு வந்தே இருக்காது. நான்காவது என்று அவர்கள் கணக்கு வைத்திருப்பது 1971 இல் வெளிவந்த கார்னகி ஹோல் கச்சேரிப் பதிவு. நான்கு எல்.பி. தட்டுகள் கொண்ட பெரிய பெட்டி அது. அப்பா அதை வாங்காமல் விட்டதில் தப்பில்லை, ஏனென்று பிறகு சொல்கிறேன்.

ஆட்கள் யார் என்றால், 1967 பெப்ரவரியில் சிக்காகோ நகரில் வோல்ட்டர் பராஸைடர் என்பவரின் வீட்டில் கூடிய ஆறு பேர். பராஸைடர் டி போல் பல்கலைக்கழகத்தில் கிளாரினெற் படித்தவர், ஒழுங்காகப் போயிருந்தால் ஏதாவது ஓர் ஒர்க்கெஸ்ட்ராவில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பார். பீற்றில்ஸ் 1966 இல் வெளியிட்ட 'ரிவோல்வர்' அல்பத்தில் ஊது வாத்தியங்களோடு ஒரு பாட்டு வருகிறது, அதைக் கேட்டுவிட்டு, இதை ஏன் ஒரு பாட்டோடு நிறுத்தவேண்டும், முழு பாண்டையே இப்படி அமைத்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். அவர் சக்ஸபோனும் புல்லாங்குழலும், லீ லொக்னேன் ட்றம்பெற், ஜேம்ஸ் பாங்கோ ட்றொம்போன், டெரி கத் கிற்றார், டானி செராஃபின் ட்றம்ஸ், ரொபர்ட் லாம் கீபோட். அந்த வருடக் கடைசியில் பேஸ் கிற்றாரோடும் அந்த உயர்ந்த குரலோடும் பீற்றர் செற்றேரா வந்து சேர, ஏழு பேர். அப்போது பெயர் 'த பிக் திங்'. கிளப்களில் மற்றவர்களுடைய பாட்டை வாசித்துத்தான் பிழைப்பு.

1968 இல் ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ என்ற தயாரிப்பாளர் இவர்களை லொஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிக்கொண்டுபோய், பெயரையும் 'சிக்காகோ ட்றான்சிற் ஒதோரிற்றி' என்று மாற்றினார். அது அந்த நகரத்தில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டுகிற நிறுவனத்தின் பெயர்! நம் ஊரில் நான்கு பையன்கள் சேர்ந்து 'இலங்கை போக்குவரத்துச் சபை' என்று பாட்டுக்குழு தொடங்கினால் சும்மா விடுவார்களா? அங்கேயும் விடவில்லை, வழக்குப் போடுவோம் என்றார்கள், பெயரின் வாலை வெட்டிச் சிக்காகோ மட்டும் மிஞ்சியது. ஆகவே 1969 ஏப்ரலில் வந்த முதல் அல்பத்துக்கு நீளப் பெயர், 1970 ஜனவரியில் வந்த இரண்டாவதுக்குச் சிக்காகோ, 1971 ஜனவரியில் வந்ததற்கு சிக்காகோ 3. அப்புறம் எண்தான்.

இந்த எண் பழக்கத்தைக் கிண்டலடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும். அட்டையில் பெரும்பாலும் முகத்துக்கு இடமில்லை, அந்த வளைந்த எழுத்துத்தான் ஒருமுறை மரத்தில் செதுக்கியதுபோல, ஒருமுறை சொக்லேற் கட்டிபோல என்று வேடம் மாறி மாறி வரும். சொக்லேற் அட்டை 1976 இல் வந்த பத்தாவதுக்கு, அதற்கு அட்டை வடிவமைப்புக்கான கிராமி விருதே கிடைத்தது. பாடகர் முகம் முன்னால் நிற்காததால் பாண்டில் யார் பெரியவர் என்ற கேள்வியும் வெளியே தெரியவில்லை. தெரிய ஆரம்பித்த பிறகு என்ன நடந்தது என்பதைக் கீழே பாருங்கள்.

றொக் பாட்டில் முதன்முதல் ட்றம்பெற் ஊதியது இவர்கள்தானா?
— கிண்ணியா வாசகர்

இல்லை. லிற்றில் ரிச்சர்ட் ஐம்பதுகளிலேயே சக்ஸபோன்காரர்களை வரிசையாக நிறுத்தினார், ஜேம்ஸ் பிரவுண் பாட்டில் பித்தளை ஊது வாத்தியம் இல்லாமல் ஒரு நிமிடமும் நகராது. 'பிளட், ஸ்வெற் அண்ட் ரியர்ஸ்' என்ற இன்னொரு பாண்டும் 1968 இலேயே இதே வேலையைத் தொடங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்த பாண்டின் இரண்டாவது அல்பத்தைத் தயாரித்ததும் நம் குவெர்சியோதான், இரண்டு பாண்டும் இருந்தது ஒரே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில். பிறகு யார் யாரைப் பார்த்து அடித்தார்கள் என்று சண்டை வராமல் இருக்குமா.

ஆனால் சிக்காகோவின் விஷயம் வேறு. மற்ற இடங்களில் பெரும்பாலும் பாட்டை எழுதி முடித்துவிட்டு, மேலே கொஞ்சம் பளபளப்புக்கு ஊதுகிறவர்களைக் கூலிக்குப் பிடிப்பார்கள். இங்கே ஊதுகிற மூன்று பேரும் தொடக்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பங்காளிகள், அதிலும் ட்றொம்போன்காரர் பாங்கோதான் ஊது வாத்தியப் பகுதிகளைப் பெரும்பாலும் எழுதியவர். ட்றொம்போன்காரரே பாட்டும் எழுதினால் ட்றொம்போனுக்குக் குறை வருமா? இரண்டாவது அல்பத்தில் அவர் ஏழு துண்டுகளைக் கோத்து ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒரு தொடர் செய்தார். அதற்குள்ளிருந்து வெட்டி எடுத்ததுதான் 'மேக் மீ ஸ்மைல்', 'கலர் மை வேர்ல்ட்' என்ற இரண்டு பிரபலப் பாட்டுகளும். சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக மட்டும் கேட்டவர்களுக்கு அவை ஒரே தொடரின் துண்டுகள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் பாடசாலை பாண்டில் ட்றம்பெற் ஊதுகிறேன். நண்பர்கள் கிற்றாரோடு வந்தால் எப்படி ஊதினாலும் ஒட்டவில்லை. சிக்காகோவில் மூன்றே பேர் ஊதி எப்படி அவ்வளவு பெரிய சத்தம் வருகிறது?
— பாலையூற்று மாணவர்

தம்பி, முதலில் உங்கள் பிரச்சினை. கிற்றார் பழகுகிறவர்களுக்குத் திறந்த கம்பிகள் வசதி, அதனால் அவர்கள் ஈ, ஏ என்ற சுருதிகளிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கையில் இருப்பது அநேகமாக பி ஃப்ளாற் ட்றம்பெற். நீங்கள் சி என்று வாசித்தால் வெளியே கேட்பது பி ஃப்ளாற். ஆகவே அவர்கள் ஈ மேஜரில் அடித்தால் நீங்கள் எஃப் ஷார்ப் மேஜரில் வாசிக்கவேண்டும், அவர்கள் ஏ என்றால் நீங்கள் பி. சுரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப் குறிகள் ஐந்து, ஆறு என்று வரிசையாக நிற்கும், விரல் பின்னிக்கொள்ளும். பப்பரே வாசிக்கும்போது இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அங்கே கிற்றார் இல்லை, எல்லாரும் உங்கள் வசதிக்கு வருகிறார்கள். நண்பர்களிடம் சொல்லி எஃப் அல்லது பி ஃப்ளாற்றுக்கு மாறச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் கேப்போ என்று ஒரு கவ்வி விற்கிறார்கள், அதை முதல் கட்டத்தில் மாட்டி ஈ, ஏ வடிவங்களையே பிடிக்கட்டும், வருவது எஃப்பும் பி ஃப்ளாற்றும். நட்பு கெடாது.

இனி சிக்காகோ. மூன்று பேர் என்றால் மூன்று சுரம், அதற்குள் கோர்ட் என்கிற சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம் முழுவதையும் அடைக்க முடியாது. அடைக்கவும் தேவையில்லை, கீபோட்டும் கிற்றாரும் இருக்கின்றனவே. பாங்கோ செய்வது, மேலே ட்றம்பெற், கீழே ட்றொம்போன், நடுவில் சக்ஸபோன் என்று அடுக்கி, அந்த மூன்றையும் ஒரே ஆள் பாடுவதுபோல ஓடவிடுவது. பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் இவர்கள் நுழைந்து ஒரு வாக்கியம் பேசிவிட்டு வெளியேறுவார்கள். சில இடத்தில் மூவரும் ஒரே சுரத்தில் விழுவார்கள், அப்போதுதான் நீங்கள் சொல்கிற அந்தப் பெரிய சத்தம் வருகிறது. பிரிந்து ஊதினால் நிறம் வரும், சேர்ந்து ஊதினால் பலம் வரும். ஸ்ரூடியோவில் வேறொரு வசதியும் உண்டு, ஒருமுறை ஊதிப் பதிந்ததன் மேல் அதே மூவர் இன்னொரு முறை ஊதிப் பதிவதால் மூவர் ஆறு பேராகிவிடுவார்கள். மேடையில் அது நடக்காது, அதனால்தான் மேடைப் பதிவு மெலிந்து கேட்கும்.

கார்னகி ஹோல் பெட்டியை அப்பா வாங்காதது நல்லது என்றேனே, இதுதான் காரணம். 1971 ஏப்ரலில் ஒரு வாரம் அந்த மண்டபத்தில் வாசித்ததைப் பதிந்தார்கள். வாசிப்பில் குறையில்லை, ஆனால் ஊது வாத்தியங்கள் தகரம் மாதிரி ஒலிக்கின்றன. பாங்கோவே அந்தப் பதிவை வெறுத்துப் பேசியிருக்கிறார்.

இன்னொன்று, பயிற்சிக்கு '25 ஓர் 6 ரு 4' பாட்டை எடுங்கள். ஏ மைனர், உங்களுக்கு பி மைனராக வரும், இரண்டே ஷார்ப். ஒரே இறங்கு வரிசை திரும்பத் திரும்ப வருகிறது, அதன்மேல் ஊது வாத்தியம் எங்கே குத்துகிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று மட்டும் கவனியுங்கள். வாயை மூடுகிற இடங்கள்தான் கஷ்டம்.

'25 ஓர் 6 ரு 4' பாட்டின் தலைப்புக்கு அர்த்தம் என்ன? போதைப்பொருள் கணக்கு என்று என் மைத்துனர் சாதிக்கிறார்.
— சாம்பல்தீவு வாசகர்

விடியப்புறம் நான்கு மணிக்கு இருபத்தைந்தோ இருபத்தாறோ நிமிடம் இருக்கிறது, பாட்டு எழுத உட்கார்ந்த ரொபர்ட் லாமுக்குத் தூக்கமும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. அவ்வளவுதான். மைத்துனரிடம் பந்தயம் கட்டியிருந்தால் காசை வாங்கிவிடுங்கள்.

காதல் பாட்டுகள் தூக்கம் தருகின்றன என்று எப்படி எழுதலாம்? எங்கள் கலியாண வீடியோவில் போட்டது 'யூ ஆர் த இன்ஸ்பிரேஷன்'. உங்களுக்கு மனசே இல்லையா?
— திருக்கடலூர் வாசகி

மனசு இருக்கிறது அக்கா, காதும் இருக்கிறது. அந்தப் பாட்டை இன்னொரு தடவை போட்டு, அதில் ட்றொம்போன் எங்கே என்று தேடுங்கள். செற்றேராவின் குரல் நன்றாகக் கேட்கும், கீபோட் நன்றாகக் கேட்கும்.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. 1972 இல் வந்த ஐந்தாவது அல்பம் தொடங்கி 1975 இல் வந்த ஒன்பதாவது வரை ஐந்தும் அமெரிக்காவில் முதலிடம். ஒன்பதாவது பழைய பாட்டுகளின் தொகுப்பு, அதுவும் முதலிடம்! அந்தக் காலத்தில் குவெர்சியோ கொலராடோ மலையில் கரிபூ ராஞ்ச் என்று ஒரு ஸ்ரூடியோ கட்டி வைத்திருந்தார், நகரத் தொந்தரவு இல்லாமல் அங்கேயே தங்கிப் பதிவு செய்வார்கள், எல்டன் ஜோன்கூட அங்கே போய்ப் பதிந்திருக்கிறார். 1985 இல் தீப்பிடித்து அந்த இடத்தின் கதை முடிந்தது. அங்கே பதிந்த பத்தாவது அல்பத்தில்தான் 'இஃப் யூ லீவ் மீ நவ்' வருகிறது. சிக்காகோவுக்கு முதன்முதல் சிங்கிள் பட்டியலில் முதலிடம் வாங்கிக்கொடுத்த பாட்டு, கிராமியும் கிடைத்தது. அதன் தொடக்கத்தில் ஊதுவது என்ன தெரியுமா, பிரெஞ்சு ஹோர்ன். கூடவே வயலின் கூட்டம். சொந்த வீட்டில் மூன்று ஊதுகிறவர்களை வைத்துக்கொண்டு வெளியே இருந்து ஆள் கூப்பிட்ட பாட்டுத்தான் அவர்களின் மிகப் பெரிய வெற்றி! பாட்டு அழகானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பனிக்காரனுக்கு வழி தெரிந்துவிட்டது.

பிறகு குவெர்சியோவோடு பிரிவு, கிற்றார்காரர் மரணம், டிஸ்கோ காலம், 1980 இல் வந்த பதினான்காவது விற்காமல் போனது, கொலம்பியா கையை விட்டது என்று சரிவு. 1982 இல் டேவிட் ஃபொஸ்ரர் என்ற தயாரிப்பாளர் வந்து பதினாறாவதைச் செய்தார், 'ஹார்ட் ரு சே ஐ ஆம் சொறி' மறுபடி முதலிடம். அந்தப் பாட்டின் வாலில் 'கெற் அவே' என்ற வேகத் துண்டு ஒட்டியிருக்கிறது, அங்கேதான் ஊது வாத்தியங்களுக்கு வாய் திறக்க அனுமதி. வானொலிகள் பல சமயம் அந்த வாலுக்கு முன்பே பாட்டை நிறுத்திவிடும். 1984 இன் பதினேழாவதுதான் இவர்களின் விற்பனையில் உச்சம், உங்கள் கலியாணப் பாட்டு அதிலிருந்துதான். அடுத்த வருடம் செற்றேரா தனியாகப் போய்விட்டார். அவர் இல்லாமலும் 1988 இல் 'லுக் அவே' முதலிடம் போனது, பில்போட் பத்திரிகையின் 1989 ஆண்டுப் பட்டியலில் முதல் பாட்டும் அதுதான். எழுதியது வெளி ஆள், டயான் வோரன். பாடியது 1981 இல் சேர்ந்த பில் சாம்ப்ளின். பித்தளை எங்கே? கேட்காதீர்கள்.

ஃபொஸ்ரரைத் திட்டுகிறவர்கள் பலர், அவர் வராவிட்டால் பாண்டே இருந்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் பாட்டுகள் கொண்டுவந்த காசில்தான் மூன்று ஊதுகிறவர்களும் மேடையில் பழைய பாட்டுகளை முழுதாக ஊதிக்கொண்டு திரிந்தார்கள். உங்கள் கலியாண வீடியோவை மாற்றவேண்டாம்.

கிற்றார் வாசித்த டெரி கத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார் என்கிறார்களே, தற்கொலையா?
— மூதூர் வாசகர்

தற்கொலை இல்லை, விபத்து. 1978 ஜனவரி 23, லொஸ் ஏஞ்சலிஸில் நண்பர் ஒருவரின் வீடு. குண்டு இல்லை என்று நினைத்த துப்பாக்கி வெடித்தது. 32 ஆவது பிறந்தநாளுக்கு எட்டே நாள்தான் மிச்சம், வீட்டில் கைக்குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து, அப்பாவைப் பற்றி 2016 இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

இவர் வாசிப்பைப் புகழ்பெற்ற கிற்றார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வியந்திருக்கிறார், அவரோடு சுற்றுப்பயணமும் போயிருக்கிறார்கள். முதல் அல்பத்தில் கிற்றாரும் அம்ப்ளிஃபயரும் மட்டும் வைத்து ஏறக்குறைய ஏழு நிமிடம் கத்தவிட்டிருப்பார், இசையா இரைச்சலா என்று எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஆனால் முரட்டுக் கிற்றார் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் பித்தளை இழுக்க, அந்த இழுபறியில்தான் பழைய சிக்காகோ நின்றது. ஒரு பக்கம் கயிறு அறுந்ததும் மற்றப் பக்கமும் தொய்ந்துபோனது என்பது என் கணிப்பு. அதே வருடம் வந்த பன்னிரண்டாவது அல்பத்துக்கு முதன்முறையாக எண்ணை விட்டுவிட்டு 'ஹொற் ஸ்ட்றீற்ஸ்' என்று பெயர் வைத்து, அட்டையில் எல்லாருடைய முகத்தையும் போட்டார்கள். அடுத்த அல்பத்திலேயே எண்ணுக்குத் திரும்பிவிட்டார்கள்.

பரமேஸ், கோணேஸ் பாடிய ஊரில் இருந்துகொண்டு, கோணேசர் கோயில் நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டு, அமெரிக்கக்காரன் ட்றம்பெற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டுமா?
— பெயர் போடாத ஐயா, தம்பலகாமம்

ஐயா, நம் பொப் பாட்டுக்காரர்கள் கிற்றாரை எடுத்தபோதும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நாதஸ்வரம் பற்றிக் கேள்வி அனுப்புங்கள், இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.

பாட்டில் அரசியல் ஏதாவது உண்டா, வெறும் காதலும் கொண்டாட்டமும்தானா?
— நிலாவெளி வாசகர்

தொடக்கத்தில் நிறைய உண்டு. 1968 ஓகஸ்டில் சிக்காகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, வியட்நாம் போரை எதிர்த்து வந்தவர்களைப் பொலிஸ் அடித்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கூட்டம் எழுப்பிய கோஷத்தின் பதிவை அப்படியே முதல் அல்பத்தில் வைத்திருக்கிறார்கள், அது கரைந்து அடுத்த பாட்டாக மாறும். செற்றேராவுக்கும் அந்தக் காலத்துச் சூடு நேரடியாகவே பட்டது. 1969 இல் பேஸ்போல் பார்க்கப் போன இடத்தில், நீள முடி வைத்திருந்தார் என்பதற்காக அமெரிக்க மரீன் படை வீரர்கள் சிலர் அடித்துத் தாடையை உடைத்துவிட்டார்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருந்த நாட்களில் வாயை அதிகம் திறக்காமல் பாடப் பழகி, அந்தப் பழக்கம் பிறகும் அவரை விடவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு பாடுகிறாரே என்று தோன்றியிருந்தால் காரணம் இதுதான்.

இப்போதும் இருக்கிறார்களா? புதிதாகக் கேட்கிறவர் எதில் தொடங்குவது?
— அன்புவழிபுரம் வாசகர்

இருக்கிறார்கள். 2016 இல் றொக் இசைக்காரர்களைக் கௌரவிக்கிற றொக் அண்ட் றோல் ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்த்தார்கள், செற்றேரா விழாவுக்கு வரவில்லை. கோபம் முப்பது வருடமாகியும் ஆறவில்லை போலும். 2022 இல் 38 ஆவது அல்பம் வந்தது, தொடக்கக்காரர்களில் லாம், லொக்னேன், பாங்கோ மூவரும் அதில் இருந்தார்கள். 38 என்றதும் மலைக்கவேண்டாம், அதற்குள் தொகுப்பு, மேடைப் பதிவு, நத்தார் பாட்டு எல்லாம் எண்ணிச் சேர்த்திருக்கிறார்கள்.

முதலில் இரண்டாவது அல்பம். நன்றாக இருந்தால் முதலாவதுக்குப் போங்கள், அது கொஞ்சம் காட்டுத்தனம். பிறகு ஐந்தாவது, அதில் 'சற்றர்டே இன் த பார்க்' இருக்கிறது, அளவாகச் சமைத்த அல்பம். அங்கிருந்து நேரே 'ஸ்ரோன் ஒஃப் சிசிஃபஸ்'. இதை 1993 இல் பதிவு செய்தார்கள், மெல்லிய காதல் பாட்டை விட்டுப் பழைய துணிச்சலுக்குத் திரும்பப் பார்த்த அல்பம், கம்பனி கேட்டுவிட்டு வெளியிட மாட்டேன் என்று மூலையில் போட்டது. 2008 இல்தான் வேறு லேபிளில் வெளிவந்தது. பதினைந்து வருடம் காத்திருந்ததற்குத் தகுந்த காவியமா என்றால் இல்லை, சில பாட்டு நன்று, சில பாட்டு தொண்ணூறுகளின் பிளாஸ்ரிக் வாசம். ஆனால் ஊதுகிறவர்கள் மறுபடி முன் வரிசையில் நிற்கிறார்கள், அதற்காகவே கேளுங்கள்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். ட்றம்பெற் ஊசிமாதிரிக் குத்தும், ட்றொம்போன் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். மலிவான ஹெட்போன் போதும்.